செங்கல் வரலைன்னு உக்காந்திருக்கீங்களா?
மழை பிடிச்சா சூளைல சுடாத பச்சைக்கல் காயாது, தட்டுப்பாடு வரத்தான் செய்யும், அதுக்குன்னு அவசரத்துல அரைவேக்காட்டுக் கல்ல இறக்கிடாதீங்க, ரெண்டு கல்ல ஒண்ணோட ஒண்ணு தட்டுனா கணீர்னு கேக்கணும். செங்கல்லுக்குப் பதிலா ஏஏசி பிளாக் (காத்துக் குமிழி நிறைஞ்ச லேசான கான்கிரீட் கல்லு) பாத்தீங்கன்னா, அதே அளவு செங்கல்ல மூணுல ஒரு பங்கு வெயிட்டுதான், சுவரு மடமடன்னு ஏறிடும். ஆனா சாதா ஆணி அதுல நிக்காது, கலவையும் வேற, பசை மாதிரி மெல்லிசா இழுக்கணும், பழக்கமில்லாத கொத்தனார் கையில குடுத்தா அப்புறம் பூச்சு வெடிச்சிருச்சுன்னு பிளாக்க திட்டுவீங்க (பாவம் அது என்ன பண்ணும்). ஃப்ளை ஆஷ் கல்லுக்கு (நிலக்கரிச் சாம்பல்ல செய்யுறது) சூளையே வேணாம், செஞ்சவன் க்யூரிங், அதாவது ஈரம் காயாம வச்சு கல்ல இறுக விடுறது, ஒழுங்கா பண்ணிருக்கானான்னு மட்டும் பாருங்க. என்னைக் கேட்டா, இருக்கிற செங்கல்லயே ராட் ட்ராப் பாண்ட்ல (எலிப்பொறிக் கட்டு) கல்ல பக்கவாட்டுல நிறுத்தி, நடுவுல காலி இடம் விட்டு கட்டலாம், ஏறக்குறைய கால்வாசி கல்லு மிச்சம், நடுவுல காத்து நிக்கிறதால உள்ள சூடும் கம்மி.