மீன் தொட்டியில் திடீர்ச் சாவு: நீல மருந்தைத் தொடும் முன்

நேற்று இரவு தீனிக்கு முண்டியடித்த மீன்கள் காலையில் ஒருக்களித்துக் கிடந்தால் பலரும் நேரே கடைக்குத்தான் ஓடுவார்கள். கடைக்காரரும் மெத்திலீன் ப்ளூ பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அதை ஊற்றினால் பில்டரில், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தைத் தின்று கொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடும். தண்ணீர் நீலமாகிவிட்டதால் மீனின் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. மருந்து அப்புறம் இருக்கட்டும். முதலில் எத்தனை மீன், எந்தெந்த வகை, எவ்வளவு நேரத்துக்குள் என்று பாருங்கள்.

கப்பி, மோலி, ஏஞ்சல் என்று வகை வித்தியாசமில்லாமல் எல்லாம் ஒரே இரவில் தவித்தால் கோளாறு பெரும்பாலும் தண்ணீரில்தான். தொற்றுநோய் என்றால் இன்று ஒன்று, நாளை இரண்டு என்று விழும். உடம்பிலும் அடையாளம் தெரியும்.

எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்க, ஃபைட்டரும் கௌராமியும் மட்டும் தெம்பாக இருந்தால் ஆக்ஸிஜன் குறைவு. அவை இரண்டும் காற்றை நேரடியாக உறிஞ்சக்கூடியவை. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். மே மாதம், மீன் நெரிசலான தொட்டி, ராத்திரி கரண்ட் கட் மூன்றும் சேர்ந்தால் விடியற்காலையில் பெரிய மீன்தான் முதலில் போகும். கரண்ட் வரும்வரை ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலே தாங்கும். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் பில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வந்து விழும். அதைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள்.

“தண்ணி மாத்தினேன், செத்துப் போச்சு” என்பதுதான் அதிகம் கேட்கிற புகார். இதில் மூன்று வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. எது என்பதை நேரத்தை வைத்தே பிரிக்கலாம்.

சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் மீன் தாறுமாறாகப் பாய்ந்து, செவுள் படபடவென்று அடித்தால் குளோரின். அபார்ட்மெண்டில் சம்ப் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட மறுநாள் இது சகஜம். கொஞ்சம் தண்ணீரைத் தனியே எடுத்து, குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்தை அதில் விட்டுப் பாருங்கள். தண்ணீர் மஞ்சளானால் சந்தேகமே வேண்டாம். ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் படிகம், 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) குளோரின் உள்ள 100 லிட்டருக்கு 1 கிராம் போதும். மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் அளவைக் கூட்ட வேண்டும்.

பல மாதம் தொடாமல் வைத்திருந்த தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றிய அன்றே சாவு என்றால் கதை வேறு. பழைய தண்ணீரில் அமிலம் ஏறி பிஎச் 6-க்கு இறங்கியிருக்கும். அந்த நிலையில் நல்ல பாக்டீரியாவின் வேலை மந்தமாகி அம்மோனியா சேரும். ஆனால் அதில் பெரும்பகுதி விஷமில்லாத அம்மோனியமாகவே இருப்பதால் மீன் பிழைத்துக் கிடக்கும். அதில் பிஎச் 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றிப் பிஎச்சைத் தூக்கிவிட்டால் அதுவே விஷமாக மாறும். 28 டிகிரியில், பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் விஷப் பகுதி 1 சதவீதத்துக்கும் குறைவு. 8-ல் 6 முதல் 7 சதவீதம். அதனால் அம்மோனியா கிட்டோடு பிஎச் கிட்டும் வேண்டும், தொட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர் இரண்டையும் சோதிக்க வேண்டும். இப்படிப்பட்ட தொட்டிக்குத் தினம் 10 சதவீதம் மாற்றுவதே நல்லது.

மூன்றாவது, தண்ணீர் மாற்றி இரண்டு மூன்று நாள் கழித்து வரும் சாவு. பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று கழுவியிருப்பீர்கள். பாக்டீரியா போய், அம்மோனியா ஏறியிருக்கும். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள், அழுக்கு கொஞ்சம் மிச்சமிருந்தால் தப்பில்லை.

செத்த மீன் கிடைத்தால் சீக்கிரமே செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நேரமானால் நிறம் மாறிவிடும். நல்ல செவுள் ரத்தச் சிவப்பு. காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட், அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வெளிவிடும் விஷம். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போவதால், தொட்டியில் காற்று எவ்வளவு ஓடினாலும் மீன் மூச்சு வாங்கும். தண்ணீரை மாற்றி, 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பைக் கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும்.

டெஸ்ட் எல்லாம் சரி, செவுளும் சிவப்பு, ஆனாலும் மீன் வெட்டி வெட்டி இழுக்கிறது, சுழல்கிறது, மல்லாக்கக் கவிழ்கிறது என்றால் அறையைச் சுற்றிப் பாருங்கள். கொசுவத்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்கு அவ்வளவு பாதிப்பில்லை, மீனுக்கோ மிகச் சிறிய அளவே விஷம். தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறேனே என்பார்கள். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது! பம்பை வேறு அறைக்கோ பால்கனிக்கோ மாற்றி, பாதித் தண்ணீரை மாற்றி, விஷத்தை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் பில்டரில் போடுங்கள்.

இனி உண்மையான நோய். உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது இக் என்ற ஒட்டுண்ணி நோய். விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் தங்கத் தூள் போல மின்னினால் வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். இரண்டும் சில நாள் அவகாசம் தரும். ஓரிரு நாளில் கொல்வது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். பலரும் பூஞ்சை என்று நினைத்து ஏமாறுவது இதில்தான். பூஞ்சை காயத்தின் மேல் பஞ்சு இழையாக நிமிர்ந்து நிற்கும், மெதுவாக வளரும். காலம்னாரிஸ் தட்டையான சாம்பல் வெள்ளைப் படலம். வாயோரத்திலோ, முதுகுத் துடுப்புக்குக் கீழே சேணம் போட்டது போலவோ படரும். இக்குக்குச் செய்வதுபோல் ஹீட்டரைக் கூட்டினால் இது இன்னும் வேகமாகத் தின்னும். ஹீட்டரை அணைத்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் மேசை மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பாக்டீரியா என்பதால் ஆன்டிபயாட்டிக் தேவை, அதை மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தனித் தொட்டியில் கொடுங்கள்.

எந்த மருந்தானாலும் கார்பனை வெளியே எடுத்த பிறகே ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது மருந்தையும் உறிஞ்சிவிடும். அளவை உண்மையான தண்ணீருக்குக் கணக்கிடுங்கள். 2×1×1 அடித் தொட்டி கணக்குப்படி 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர்தான் நிற்கும்.