ஒரே நூலில் இரண்டு தப்ரோபனா

பழங்காலக் கிரேக்கர் தப்ரோபனா என்று அழைத்த இலங்கையை மறுமலர்ச்சிக்கால ஐரோப்பியர் எவ்வாறு வரைந்து எழுதினர் என்று அறியவே, ஜெர்மானிய அறிஞர் செபாஸ்டியன் முன்ஸ்டர் 1540இல் பாசல் நகரில் பதிப்பித்த, பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் புவியியல் நூலை மின்படியில் திறந்தேன். ஒரு மாலையில் முடியும் என்று எண்ணிய வேலை மூன்று வாரம் இழுத்தது.

முதல் தடை எழுத்து. பழைய இலத்தீன் அச்சில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே நீண்டு நிற்கும். உயிரெழுத்தின் தலைமேல் சிறு கோடு இருந்தால் அங்கே ஓர் ‘எம்’ அல்லது ‘என்’ விடுபட்டிருக்கிறது என்று பொருள். இது தெரியாமல் இரண்டு நாள், இல்லாத சொற்களை அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து இடம் குழப்பியது. ஏறத்தாழ ஆறாம் வட அட்சரேகையிலேயே முடிந்துவிடும் தீவு, தாலமியின் கணக்கில் பன்மடங்கு பெருத்து நிலநடுக்கோட்டைத் தாண்டிக் கிடந்தது. அந்த வரைபட ஏட்டை விட்டுவிட்டு இந்திய ஏட்டுக்குப் போனேன். கொல்கொய், மொதுரா என்ற பெயர்களில் கொற்கையும் மதுரையும் கிடைத்த பிறகுதான் திசை பிடிபட்டது. அங்கே தென்னிந்தியாவின் கூர்முனையே இல்லை; கரை தட்டையாக ஓடுகிறது. தீவின் ஏட்டுக்குத் திரும்பி வந்தபோது, அனுரோக்ரம்மோன் அனுராதபுரமாகத் தெரிந்தது.

அரிசி, தேன், இஞ்சி, மணிக்கற்கள், யானை எனத் தாலமி தரும் பட்டியல் நம்பும்படியாகவே இருக்கிறது. ஆண்கள் பெண்களைப்போல் கூந்தல் வளர்த்திருந்தனர் என்ற வரியைப் படித்தபோது, பழைய ஒளிப்படங்களில் கண்ட, கொண்டை முடிந்த சிங்கள ஆண்கள் நினைவுக்கு வந்தனர். பட்டியலில் இருந்த புலி மட்டும் இடறியது. இலங்கைக் காடுகளில் இருப்பது சிறுத்தை.

பெரிய திகைப்பு அதே நூலின் புதிய ஆசிய வரைபடத்தில் காத்திருந்தது. அங்கே தப்ரோபனா என்பது சுமத்ரா. இலங்கையோ ‘சைலோன்’ என்ற பெயரில் தனியே நிற்கிறது. நான்தான் தவறாகப் படித்தேன் என்று பலமுறை சரிபார்த்தேன். தப்ரோபனாவைச் சுமத்ராவாகக் கொண்ட வெனிஸ் பயணி நிக்கோலோ தெ கொந்தியின் பயணச் செய்தி, பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் போஜ்ஜோவின் இலத்தீன் எழுத்தில் பதிவாகியிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தேன். தாலமியின் ஏடுகளைத் தாலமிக்காகவும், புதிய ஏடுகளைப் பயணிகளின் செய்திகளுக்காகவும் முன்ஸ்டர் அருகருகே வைத்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாக்க முனைந்ததே என் பிழை.

இப்போது எந்தப் பழைய ஏட்டில் தப்ரோபனா என்ற பெயரைக் கண்டாலும், அருகே சைலோன் என்று வேறொரு தீவு இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்கிறேன்.