பின்லாந்தில் அடுக்குமாடி வீடு: சாவி கைக்கு வந்ததும் தெரிந்திருக்க வேண்டியவை

வேலைக்கோ படிப்புக்கோ ஹெல்சின்கி, எஸ்போ, தம்பெரே என்று வந்து சேரும் நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் குடியேறுவது அடுக்குமாடிக் கட்டடத்தில்தான். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி "இதை இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்லித்தர மாட்டார். சொல்ல வேண்டியது அத்தனையும் எழுதி ஒட்டியிருக்கும். கீழ்த்தளத்தில், மாடிப்படி தொடங்கும் இடத்தில் உள்ள அறிவிப்புப் பலகையில் பராமரிப்பு நிறுவனத்தின் எண், சலவை அறை நேரம், தண்ணீர் நிறுத்தப்படும் நாள், குடியிருப்பு விதிகள் எல்லாம் இருக்கும். சாவி வாங்கிய அன்றே அதைப் படம் பிடித்து, போனில் மொழிபெயர்த்துப் படித்துவிடுங்கள்.

யாரை எதற்குக் கூப்பிடுவது என்பதில்தான் முதல் குழப்பம் வரும். குழாய் சொட்டுகிறது, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் சூடாகவில்லை என்றால் பராமரிப்பு நிறுவனமான ஹுவோல்தோவுக்குப் போன் செய்ய வேண்டும். கார் நிறுத்துமிடம், கதவில் பெயர் போடுவது போன்றவற்றைக் கட்டடத்தைப் பொறுத்து ஹுவோல்தோவிடமோ கட்டட நிர்வாகியான இசன்னொய்த்சியாவிடமோ கேட்க வேண்டும். கதவில் பெயர் இல்லையென்றால் தபால் திரும்பிப்போக வாய்ப்புண்டு. இன்னொன்று, வீட்டுக்கதவு சாத்தியவுடன் தானாகவே பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போகும்போதுகூடச் சாவி சட்டைப்பையில் இருக்கட்டும். வெளியே மாட்டிக்கொண்டால் ஹுவோல்தோ ஆள் வந்து, அடையாள அட்டை பார்த்து, திறந்துவிட்டுக் கட்டணம் வாங்குவார். இரவிலும் வார இறுதியிலும் அது நன்றாகவே கூடும்.

வீட்டுச் சூடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நகரங்களில் பெரும்பாலான கட்டடங்களுக்கு ஒரு மத்திய நிலையத்திலிருந்து குழாய் வழியே வெந்நீர் வருகிறது. ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டரில் அது சுற்றும். அறையில் 20 முதல் 22 டிகிரி இருந்தால் போதும் என்பதுதான் கணக்கு. தொட்டுப் பார்த்தால் ரேடியேட்டர் ஆறிக் கிடக்கிறதே என்று பதற வேண்டாம். அறை 21 டிகிரியில் இருந்தால் அது தன் வேலையை முடித்துவிட்டு ஓய்வில் இருக்கிறது என்று அர்த்தம். ரேடியேட்டர் ஓரத்தில் உள்ள திருகு தன்னைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டைத்தான் அளக்கிறது. கனமான திரைச்சீலையோ சோபாவோ அதை மறைத்தால், அங்கே தேங்கும் சூட்டை வைத்து அறை முழுக்கச் சூடாகிவிட்டதென எண்ணி வெந்நீரை அடைத்துவிடும். பனிக்காலத்தில் வீடு குளிர்கிறது என்று புகார் சொல்பவர்களின் வீட்டில் பலமுறை காரணம் இதுதான். ஜன்னலை மணிக்கணக்கில் லேசாகத் திறந்து வைப்பது இதற்கு நேர்மாறான தவறு: குளிர்காற்று பட்டுத் திருகு முழுக்கத் திறந்து, சூடெல்லாம் வெளியே போகும். எதிரெதிர் ஜன்னல்களை 5 நிமிடம் அகலத் திறந்து மூடினால் போதும். இலையுதிர்காலத்தில் ரேடியேட்டரில் களகளவென்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. ஹுவோல்தோவிடம் சொன்னால் வெளியேற்றிவிடுவார்கள்.

ஜன்னல் சட்டத்திலோ சுவரிலோ சின்னக் காற்றுத்துளை ஒன்று இருக்கும். குளிர்காற்று வருகிறதென்று அதை டேப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சமையலறையும் குளியலறையும் எந்நேரமும் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு ஈடாகப் புதுக்காற்று வரவேண்டிய வழி அந்தத் துளைதான். அதை அடைத்தால் மாடிப்படிப் பக்கமிருந்து, கதவின் தபால் துளை வழியே, அடுத்த வீட்டு வாடையோடு காற்று வரும். ஜன்னலின் உட்கண்ணாடியில் நீர் கோத்தால் வீட்டில் ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே கோத்தால் உள்சட்டத்தின் ரப்பர் தேய்ந்துவிட்டது. அதற்கு ஹுவோல்தோவைக் கூப்பிட வேண்டும்.

நம் சமையலுக்கு இந்தக் காற்றோட்டம் மிக முக்கியம். பழைய கட்டடங்கள் பலவற்றில் அடுப்புக்கு மேலே இருக்கும் புகைக்கூண்டில் மோட்டார் கிடையாது. கூரையில் உள்ள பெரிய விசிறி எல்லா வீட்டுக் காற்றையும் சேர்த்து இழுக்கும். கடையில் ஒரு மோட்டார் கூண்டு வாங்கி அதே குழாயில் பொருத்தினால், நம் வீட்டுத் தாளிப்பு வாசனை அப்படியே மேல்வீட்டுக்குள் போய்விடும். அதனால் நிர்வாகியைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். தாளிப்பதற்கு முன்பே கூண்டின் மூடியைத் திறந்துவிடுங்கள். அதன் உலோக வலையை நம் வீடுகளில் மாதம் ஒருமுறையாவது வெந்நீரிலும் பாத்திர சோப்பிலும் ஊறவைத்துக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் புகை ஏறாது, தீப்பிடிக்கவும் கூடும். மிளகாய் கருகிப் புகை எச்சரிக்கைக் கருவி கத்தினால் ஜன்னலைத் திறங்கள், மாடிப்படிப் பக்கக் கதவைத் திறக்காதீர்கள். புகை கட்டடம் முழுக்கப் பரவிவிடும்.

பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது. குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் என்றால் காகிதத்தில் துடைத்து உணவுக்கழிவில் போடலாம். நிறைய இருந்தால் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, கலப்புக் குப்பையில் போட வேண்டும். கழுவுதொட்டிக்கு மேலே உள்ள அலமாரியைத் திறந்தால் கம்பித்தட்டுகள் இருக்கும். கழுவிய பாத்திரத்தை அங்கேயே கவிழ்த்து மூடிவிடலாம், நீர் தொட்டிக்குள் சொட்டும். 1940களில் மையு கெப்ஹார்ட் என்ற பெண்மணி வடிவமைத்துப் பரவலாக்கியது இது. நம் ஊர்ச் சமையலறைகளுக்கும் வரவேண்டிய பொருள்.

இட்லி மாவு 21 டிகிரியில் ஒரே இரவில் பொங்காது. ஓவனைச் சூடேற்றாமல், உள்விளக்கை மட்டும் போட்டு, பாதி நிரப்பிய பாத்திரத்தைத் தட்டின்மேல் வைத்து மூடிவிடுங்கள். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் யாராவது தெரியாமல் சூடேற்றிவிடுவார்கள். தரைச்சூடு உள்ள குளியலறை இருந்தால் அதன் மூலையும் நல்ல இடம்.

இனி ஈரம். வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். நீர்க்காப்பும் வடிகாலும் குளியலறையில் மட்டும்தான் உண்டு. சமையலறையிலோ கூடத்திலோ ஊற்றிய நீர் தரைக்கடியில் இறங்கினால் கீழ்வீட்டுக் கூரை வரை போகும். அந்தச் செலவு சின்னதல்ல. பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. குளித்து முடித்ததும் ரப்பர் வழிப்பானால் நீரை வடிகால் பக்கம் தள்ளிவிடுங்கள். கழிப்பறையில் பீச்சுகுழாய் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். தரை வடிகாலான லத்தியாகைவோவைச் சுத்தம் செய்வது குடியிருப்பவரின் பொறுப்பு. மூடியைத் தூக்கி, உள்ளிருக்கும் கிண்ணத்தை வெளியே எடுத்து, முடியையும் சோப்புக் கசடையும் வழித்துவிட்டு, அதே இடத்தில் அழுத்திப் பொருத்த வேண்டும். அங்கே தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பும்போது வீடு நாறினால் அந்த நீர் வற்றியிருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். சலவை இயந்திரத்துக்குப் போகும் குழாயைத் துவைத்து முடித்ததும் மூடிவிடுவது இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

பொதுச் சலவை அறை பல கட்டடங்களில் உண்டு. பட்டியலிலோ செயலியிலோ நேரம் பதிந்துகொள்ள வேண்டும். நேரம் முடிந்தும் துணியை இயந்திரத்துக்குள் விட்டுவைப்பதைப்போல இங்கே மனக்கசப்பு உண்டாக்குவது வேறில்லை. சலவைத்தூளைக் குறைத்துப் போடுங்கள். ஹெல்சின்கி வட்டாரத்துக்கு 120 கிலோமீட்டர் நீளப் பாறைச் சுரங்கம் வழியே பையன்னெ ஏரித் தண்ணீர் வருகிறது. அது மென்னீர். நம் ஊர் உப்புத்தண்ணீருக்குப் போட்ட அளவைப் போட்டால் நுரை போகாது, துணியில் தூள் தங்கி அரிக்கும்.

சூடேற்றிய கல்லின்மேல் தண்ணீர் விட்டு ஆவியில் வியர்க்கும் சூட்டறையான சவுனாவைப் பலர் கூச்சத்தால் தவிர்த்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. 56 லட்சம் பேர் உள்ள நாட்டில் 30 லட்சத்துக்கு மேல் சவுனாக்கள் இருக்கின்றன. 2020-ல் யுனெஸ்கோ இந்தப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. கட்டடத்துச் சவுனாவில் வாரம் ஒரு மணி நேரம் உங்கள் குடும்பத்துக்கென்று வாங்கிக்கொள்ளலாம், மாதம் ஒரு சிறு தொகை வரும். அந்த நேரத்தில் வேறு யாரும் வரமாட்டார்கள். லெங்கிசவுனா என்று போட்டிருந்தால் அது பொதுநேரம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே. முதலில் குளித்துவிட்டு, உட்காருவதற்குச் சின்னத் துண்டோடு உள்ளே போக வேண்டும். நீச்சலுடையோடு போவதில்லை. தலையிலோ உடம்பிலோ எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதீர்கள்: பலகையில் கறை படியும், வழுக்கும். சூடு மேலே ஏறுவதால் மேல்பலகையில் 70 முதல் 90 டிகிரி வரை இருக்கும். புதியவர்களும் குழந்தைகளும் கீழ்ப்பலகையில் தொடங்கலாம். கல்லின்மேல் தண்ணீர் விடுவதற்கு முன் உடன் இருப்பவரைக் கேட்டுவிட்டு, அரை அகப்பை விட்டு, ஆவி மேலேறி முதுகில் படும்வரை காத்திருங்கள். மூச்சு முட்டினால் எழுந்து வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சவுனா அடுப்புக்கு மேலே துணி காயப்போடக் கூடாது. சவுனாத் தீவிபத்துகளுக்கு அது ஒரு பழைய காரணம்.

குப்பையறையில் உணவுக்கழிவு, அட்டை, உலோகம், கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக் பொதி, காகிதம், கலப்பு என்று தனித்தனித் தொட்டிகள் உண்டு. உடைந்த பீங்கானும் குடிக்கும் கண்ணாடித் தம்ளரும் கண்ணாடித் தொட்டிக்குப் போகாது, கலப்பில் போட வேண்டும். மிஞ்சிய மருந்தை மருந்துக்கடையிலும், பேட்டரியை அதை விற்கும் கடையிலும் திருப்பிக் கொடுக்கலாம். குளிர்பான டின்னுக்கு 15 சென்ட், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அளவைப் பொறுத்து 10, 20, 40 சென்ட் வைப்புத்தொகை உண்டு. நசுக்காமல், பட்டைக்குறி கிழியாமல் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைப் பணம் செலுத்தும் இடத்தில் காட்டினால் போதும்.

இரவு 10 மணிமுதல் காலை 7 வரை அமைதி நேரம் என்பதே வழக்கம். அந்த நேரத்தில் மிக்ஸியும் கிரைண்டரும் ஓடக் கூடாது. கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் பகலிலும் கீழ்வீட்டுக்கு நல்லது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை நண்பகல் 12 மணிக்கு அபாயச் சங்கு ஊதும், அது சோதனை மட்டுமே.

காலி செய்வதாக இருந்தால், காலவரையறை இல்லாத ஒப்பந்தத்தில் வாடகைக்காரர் ஒரு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். நீங்கள் எழுதிக்கொடுத்த மாதத்தின் கடைசி நாளிலிருந்துதான் அந்த ஒரு மாதம் கணக்காகும். 2ஆம் தேதி சொன்னாலும் 30ஆம் தேதி சொன்னாலும் ஒன்றே. சவுனா நேரத்தைத் தனியாக ரத்து செய்ய வேண்டியிருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சுத்தம் பார்க்க வருபவர்கள் புகைக்கூண்டு வலை, ஓவன் உட்புறம், தரை வடிகால் மூன்றையும் கட்டாயம் பார்ப்பார்கள். அடுப்பை முன்னால் இழுத்து, அதன் பின்பக்கச் சுவரையும் அடித்தரையையும் துடையுங்கள். நம் சமையலில் எண்ணெய் அதிகம் தெறித்திருப்பது அங்கேதான். வாங்கிய சாவிகள் அத்தனையையும் எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் பூட்டை மாற்றும் செலவு உங்கள் முன்பணத்திலிருந்து கழியும்.