காலி மில்லில் குடியேறிய ஆயிரக்கணக்கானோர்

என் ஆய்வின் முதல் கமிட்டி மீட்டிங்கில் ஆறு மாதத்தில் வேலை முடியும் என்று சொன்னேன். கைடு ஒன்றும் பேசவில்லை, சும்மா சிரித்தார். பின்னி துணி மில் 1996இல் மூடிய பிறகு வடசென்னையில் குடியிருப்பு எப்படி மாறியது என்பதுதான் என் ஆய்வு. 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வார்டுவாரியாக எடுத்து இன்றைய 200 வார்டு வரைபடத்தில் பொருத்தினால் போதும் என்று நினைத்தேன்.

பிரச்சினை அந்த 200இல்தான் இருந்தது. 2011 பிப்ரவரியில் ஆள் எண்ணும்போது சென்னைக்கு 155 வார்டு, 174 சதுர கி.மீ. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 200 வார்டு, 426 சதுர கி.மீ. ஆகிவிட்டது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் அப்போது உள்ளே வந்தவை. ஆகவே அந்தக் கணக்கெடுப்பு சென்னைக்குச் சொல்லும் 46.46 லட்சத்தில் திருவொற்றியூரின் 2.49 லட்சம் பேர் கிடையாது. அவர்கள் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருக்கிறார்கள். 2021இல் கணக்கெடுப்பு நடந்திருந்தால் தலைவலி பாதி குறைந்திருக்கும். நடக்கவில்லை.

சரி, பழைய வார்டுகளைப் புதிய எல்லைப்படி வெட்டிப் பிரிப்போம் என்று இறங்கினேன். மங்கலான ஒரு நகல் வரைபடத்தை ஸ்கேன் செய்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தெருமுனை, ரயில்வே கேட் என்று புள்ளி புள்ளியாகப் பொருத்தவே இரண்டு மாதம் போயிற்று. அப்புறம் வழக்கமான முறைதான். பழைய வார்டின் பரப்பில் பாதி புதிய வார்டுக்குள் விழுந்தால், மக்களிலும் பாதியை அதற்குக் கொடுப்பது. வரைபடம் பார்க்க அழகாக வந்தது.

புளியந்தோப்பில் பேட்டிக்குப் போனபோது, மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் அதைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மில்லுக்குள்ளாற யாரு தம்பி குடியிருந்தது? மிஷினுதான் இருந்துச்சு."

பரப்பை மட்டும் பார்த்துப் பிரித்ததால், மூடிக் கிடந்த மில் வளாகத்தில் ஆயிரக்கணக்கானோரைக் குடியேற்றியிருந்தேன். வீடுகள் சீராகப் பரவிய ஊருக்கு இந்த முறை ஓரளவு சரிவரும். வடசென்னை நிலத்தில் துறைமுகம், ரயில் யார்டு, எண்ணெய்க் கிடங்கு, கொடுங்கையூர்க் குப்பைமேடு என்று ஆள் குடியிருக்காத இடம் எவ்வளவு! அதை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் மக்களைப் பிரிக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கழித்தேன். சந்தேகம் வந்த இடங்களுக்கு நடந்தே போனேன். மொத்தம் ஏழு மாதம்.

கழித்ததும் படம் தலைகீழாகிவிட்டது. நடுத்தர நெரிசல் என்று நான் எழுதியிருந்த வார்டுகள் மிக நெரிசலான பட்டியலுக்குப் போயின. எல்லையை மாற்றினால் விடை மாறும் என்பது புது விஷயமும் இல்லை. 1934லேயே கெல்க்கி, பீல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரக் கணக்கெடுப்புப் பகுதிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பெரிதாக்கி, இரண்டு விவரங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் தொடர்பு எண் ஏறுவதைக் காட்டியிருக்கிறார்கள். பரீட்சைக்கு அதை மனப்பாடமே செய்திருந்தேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில், தேர்வாளர் வரைபடத்தில் மில் இருந்த வெள்ளைத் திட்டில் விரலை வைத்து, "இங்கே தரவு விடுபட்டிருக்கிறதா?" என்றார். இல்லை சார், அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்றேன்.