ஆகனில் படித்த ஐந்தாவது செமஸ்டர்

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டின் முதல் செமஸ்டரை ஜெர்மனியின் ஆகன் நகரில், ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் படித்தேன். 2023 செப்டம்பர் கடைசியில் போய், 2024 மார்ச் முதல் வாரம் திரும்பினேன். ஜூனியர்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது செலவு, அடுத்தது விசா. இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்கள் கேட்காத ஒன்றுதான் ஒரு வருடத்துக்கும் மேலாக என் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அங்கே படித்த பாடம் இங்கே மதிப்பெண் பட்டியலில் ஏறுமா?

முதலில் நாள்காட்டி. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் இரண்டாம் வாரம் தொடங்கி பிப்ரவரி தொடக்கத்தில் முடியும், பெரும்பாலான தேர்வுகள் அதற்கு அப்புறம்தான். எங்கள் கல்லூரியிலோ ஐந்தாவது செமஸ்டர் ஜூலையில் ஆரம்பித்து நவம்பரில் தேர்வோடு முடிந்துவிடும். ஜனவரியில் ஆறாவது தொடங்கும். ஆக, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை எனக்கு எங்கேயும் வகுப்பு இல்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இங்கே ஆறாவது செமஸ்டர் வகுப்பு, அதே சமயத்தில் அங்கே வகுப்பும் தேர்வும். இங்கே 75 சதவீத வருகைப்பதிவு இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள்.

கோடை செமஸ்டருக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அது ஏப்ரலில் தொடங்கும், ஜூலை வரை வகுப்பு, அதற்கு மேல் தேர்வு. ஏழாவது செமஸ்டர் தொடங்கியதுமே கேம்பஸ் இன்டர்வியூ வந்துவிடும். பிளேஸ்மென்ட்டை விட வீட்டில் யாருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. அதனால் குளிர்காலம்தான் என்று முடிவு செய்து, ஆறாவது செமஸ்டரின் முதல் எட்டு வாரத்துக்கு வருகைப்பதிவு விலக்கு கேட்டு மே மாதமே கடிதம் கொடுத்தேன். துறை அலுவலகத்திலிருந்து டீன் அலுவலகம் போய்க் கையெழுத்தாகித் திரும்ப ஜூலை ஆகிவிட்டது. மே மாதம் கொடுத்ததால் தப்பித்தேன். ஆகஸ்டில் கேட்டிருந்தால் பயணமே நின்றிருக்கும்.

அடுத்தது பாடப் பொருத்தம். எந்தப் பாடத்துக்குப் பதிலாக அங்கே எந்தப் பாடம் என்று இரண்டு பல்கலைக்கழகமும் கையெழுத்திடும் தாளுக்கு லேர்னிங் அக்ரிமென்ட் என்று பெயர். அங்கே ஒரு செமஸ்டர் என்றால் 30 இ.சி.டி.எஸ். கிரெடிட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் முறை அது. ஒரு கிரெடிட் என்பது சுமார் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காருவது, அறையில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடங்கும். நம் கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு என்ற கணக்கு. அங்கே 6 என்றால் இங்கே 3 என்றார் துறையில் ஒருவர், 4 என்றார் இன்னொருவர். போதாததற்கு, அங்கே இளநிலைப் பாடங்களில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில். ஆங்கிலத்தில் இருப்பவை அதிகமும் முதுநிலைப் பாடங்கள். நம் ஐந்தாவது செமஸ்டர் சிலபஸோடு அவற்றைப் பொருத்த, ஒவ்வொரு பாடத்தின் விவரப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, யூனிட் வாரியாக எதிரெதிரே எழுதிக்கொண்டு போனேன். ஐந்து பாடங்களுக்கு ஒப்புதல் வாங்க ஆறு வாரம் ஆனது. அப்போதே மாற்றாக இரண்டு பாடங்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் விட்டதன் விலையைப் பின்னால் சொல்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன். பரிமாற்ற மாணவருக்கு அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, நம் கல்லூரிக் கட்டணத்தை வழக்கம்போலக் கட்டினால் போதும். அங்கே நான் கட்டியது 300 யூரோவை ஒட்டிய செமஸ்டர் பங்களிப்பு மட்டும். அதிலேயே அந்த மாநிலம் முழுக்க ரயிலிலும் பேருந்திலும் போகும் டிக்கெட் அப்போது அடங்கியிருந்தது. பெரிய தொகை என்பது முடக்கக் கணக்கு, அதாவது விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு. அந்த வருடம் மாதத்துக்கு 934 யூரோ என்று கணக்கு, ஆறு மாதத்துக்கு 5,604. ஏறத்தாழ ஐந்து லட்சம் ரூபாய். அம்மாவின் நகையை வைத்து அப்பா கடன் வாங்கினார். அந்தப் பணம் மாதாமாதம் தவணையாக நம் கைக்கே வரும் என்பதை வீட்டுக்குப் புரியவைக்கவே சில நாள் ஆனது. வாடகை 390, மருத்துவக் காப்பீடு 120 சொச்சம், நானே சமைத்ததால் சாப்பாட்டுக்கு 150க்குள். மாதம் 800 யூரோவில் கௌரவமாக இருக்க முடிந்தது. விசாவுக்கு ஜூலையில் கொடுத்து ஆகஸ்ட் கடைசியில் கிடைத்தது, கட்டணம் 75 யூரோ.

போய் இறங்கியதும் ஒரு சங்கிலியில் மாட்டிக்கொண்டேன். வங்கிக் கணக்கு திறந்தால்தான் முடக்கப் பணம் வரும். வங்கியில் முகவரிப் பதிவுச் சான்று கேட்டார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியப் போனால் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். எனக்கு அறை கொடுத்தவர் அந்தக் கையெழுத்தைப் போட மூன்று வாரம் இழுத்தார். கையில் கொண்டுபோன 700 யூரோ ரொக்கம்தான் காப்பாற்றியது. அறை பேசும்போதே, வாடகையைக் கேட்பதற்கும் முன்னால், அந்தப் படிவத்தைத் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் இன்னொன்றும் நடந்தது. நான் ஒப்புதல் வாங்கியிருந்த ஐந்து பாடங்களில் ஒன்று கோடை செமஸ்டரில் மட்டும் நடப்பது. விவரப் பக்கத்தின் மூலையில் அது எழுதியிருந்தது, நான் கவனிக்கவில்லை. அதற்குப் பதிலாக வெப்பப் பரிமாற்றத்தில் ஒரு முதுநிலைப் பாடத்தைத் தேர்ந்து, அன்றைக்கே எங்கள் துறைத் தலைவரான எச்.ஓ.டி.க்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே 'சரி, எடுத்துக்கொள்' என்று பதில் வந்தது. நிம்மதியாகிவிட்டேன்.

அந்தப் பாடத்தை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கை தட்டுவதில்லை, மேசையை விரல் முட்டியால் தட்டுகிறார்கள். முதல் நாள் ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டேன். இன்டர்னல் மார்க் கிடையாது. வாராவாரம் கணக்குத் தாள் கொடுப்பார்கள், செய்தாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். தேர்வுக்கு நாமே தனியாகப் பதிவு செய்ய வேண்டும், கடைசித் தேதி போய்விட்டால் எழுத முடியாது. 1.0 சிறந்த மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி.

வெப்பப் பரிமாற்றத்துக்கு வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் ஒருவர், குறிப்பெடுக்க இன்னொருவர், எதிரே நான், அரை மணி நேரம். பொருளின் உள்ளே வெப்பம் கடக்கும் தடையை, மேற்பரப்பில் உள்ள தடையோடு ஒப்பிடும் விகிதம்தான் பயோட் எண். அது 0.1க்குக் குறைந்தால் பொருள் முழுக்க ஒரே வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளலாம் என்று நமக்கு மனப்பாடம். சொன்னேன். "ஏன் 0.1? 0.2 ஆக இருந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். இரண்டு வருடமாக எழுதிவந்த எண், அதை ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தாளை எடுத்துப் பொருளின் உள்ளே வெப்பநிலை எப்படி இறங்கும் என்று வரைந்துகொண்டே யோசித்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை. கடைசியில், 0.1 என்பது எவ்வளவு பிழையை நாம் பொறுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்த வரம்பு, இயற்கை போட்ட கோடு கிடையாது என்று நானே வந்து சேர்ந்தேன். 1.7 கொடுத்தார். அந்த அரை மணி நேரத்துக்காகவே மறுபடி இத்தனை கையெழுத்துக்கும் அலைவேன்.

குளிர் எல்லோரும் சொல்வதுபோல்தான், பழகிவிடும். இருட்டுதான் கஷ்டம். டிசம்பரில் மாலை நாலரைக்கு வெளிச்சம் போய்விடும். தீபாவளி அந்த வருடம் நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். அறையில் தனியாக உட்கார மனம் வராமல், ஆகனிலிருந்து ஹம் நகருக்கு நேராகப் போகும் ஆர்.இ. 1 ரயிலில் ஏறினேன். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம், செமஸ்டர் டிக்கெட்டே போதும். ஹம் அருகே ஊன்ட்ரோப் என்ற இடத்தில் ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது. தொழிற்பேட்டை நடுவே கோபுரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு பாட்டி, "எங்க இருந்து வாறீங்கள் பிள்ளை?" என்று கேட்டார். மதுரை என்றேன். "மீனாட்சி அம்மன்ர ஊரோ! இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ." அவர் ஊரை விட்டு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆறு மாதத்துக்கு வந்த நான் அவரிடம் வீட்டு ஞாபகமாக இருக்கிறது என்று சொல்ல முடியாமல், சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மார்ச்சில் திரும்பியதும் ஆறாவது செமஸ்டரின் முதல் இன்டர்னல் தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நண்பர்களின் நோட்டுகளால் சமாளித்தேன். வருகைப்பதிவுக் கடிதத்தைக் காட்டியதும் அந்தப் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்தது. தீராதது அந்த மாற்றுப் பாடம். மின்னஞ்சல் ஒப்புதல் செல்லாது, தாளில் கையெழுத்து இல்லை என்றார்கள். 'சரி, எடுத்துக்கொள்' என்று எழுதிய எச்.ஓ.டி. அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் சிலபஸை முதலிலிருந்து பார்த்தார், கமிட்டிக்கு அனுப்பினார், கமிட்டி இரண்டு முறை தள்ளிப்போனது. நிராகரித்தால் ஒரு அரியரோடு பிளேஸ்மென்ட்டுக்கு உட்கார வேண்டும் என்ற பயத்திலேயே ஏப்ரலும் மே மாதமும் கழிந்தன.

ஜூன் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆகஸ்டில் வந்த மதிப்பெண் பட்டியலில் நான்கு பாடங்களுக்கு எதிரே கிரேடு இருந்தது. வெப்பப் பரிமாற்றத்துக்கு எதிரே 'தேர்ச்சி' என்று மட்டும் இருந்தது, ஒட்டுமொத்தச் சராசரியான சி.ஜி.பி.ஏ. கணக்கில் அது சேரவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.