சி டிரைவுக்கும் காலியிடத்துக்கும் நடுவே

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கணினியின் சி டிரைவ் சென்ற மே மாதம் இடம் தீரப்போகிறது என்று சிவப்புப் பட்டை காட்டத் தொடங்கியது. 500 ஜி.பி. என்று வாங்கிய வன்தட்டை, 1,024 எம்.பி.யை 1 ஜி.பி.யாக எண்ணும் விண்டோஸ் 465 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது, அதைச் சிக்கு 97, டிக்கும் ஈக்கும் தலா 184 என்று நானே முன்பு பிரித்திருந்தேன். டியில் அண்ணனின் மாங்காய் மண்டிக் கணக்குகளும் குடும்பப் படங்களுமாக 90 ஜி.பி. இருந்தது. ஈ பெரும்பாலும் காலி. அதில் 60 ஜி.பி.யை எடுத்துச் சியுடன் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

விண்டோஸில் வன்தட்டின் பகுதிகளைக் கையாளும் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஈ டிரைவை 'ஷ்ரிங்க்' செய்து அளவைக் குறைத்ததும் காலியிடம் கறுப்புப் பட்டையுடன் தோன்றியது. ஆனால் சியின் மீது வலச் சொடுக்கினால், பகுதியை விரிக்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கியே கிடந்தது. விண்டோஸ் ஒரு பகுதியை அதன் வலப்புறத்தை ஒட்டியுள்ள காலியிடத்தில்தான் விரிக்கும். குறைக்கும்போது விடுபடும் இடமோ, குறைத்த பகுதியின் கடைசியில்தான் விழும். சிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே டியும் ஈயும் நின்றன. பக்கத்துக் கொல்லைக்கு அப்பால் பத்து சென்ட் வாங்கிவிட்டு, அதை நம் வரப்புக்குள் சேர்க்க முயல்வதைப் போன்றது இது.

ஜிபார்ட்டெட் என்னும் இலவச மென்பொருளை யு.எஸ்.பி.யிலிருந்து இயக்கினால் ஈ, டி இரண்டையும் வலப்புறம் நகர்த்தி, காலியிடத்தைச் சியின் அருகே கொண்டுவர முடியும். ஆனால் நகர்த்துவது என்றால் உள்ளிருக்கும் தரவு முழுவதையும் வேறிடத்தில் திரும்ப எழுதுவது. அது மணிக்கணக்கில் நடக்கும்போது இடையில் மின்சாரம் நின்றால் அந்தப் பகுதியே திறக்காமல் போகலாம். கோடை மழைக்கு முந்தைய காற்றில் மரத்து மாங்காய் உதிரும் மாலைகளில் இங்கே மின்சாரமும் நின்றுவிடும், எங்கள் யு.பி.எஸ். கால் மணி நேரம் கூடத் தாங்காது. ஆகவே நகர்த்துவதைக் கைவிட்டு, டியைக் காலி செய்து அழித்துவிட்டு மீண்டும் உருவாக்க முடிவு செய்தேன்.

டியில் உள்ளதை ஈயில் போட்டு வைக்கலாமே என்று முதலில் தோன்றியது. இரண்டும் ஒரே வன்தட்டில் இருப்பதால், தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனைக் காப்புப் பிரதி என்று நான் ஏற்க மாட்டேன். வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுக்க ஏறக்குறைய 1 மணி நேரம் ஆயிற்று. நகலெடுத்தவற்றில் அந்த ஆண்டுக் கணக்குக் கோப்புகள் ஒவ்வொன்றையும், படங்களில் சிலவற்றையும் திறந்து பார்த்த பிறகே 'டெலீட் வால்யூம்' பக்கம் போனேன்.

அதற்கு முன் வன்தட்டில் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறை எது என்று பார்ப்பது அவசியம். பழைய எம்.பி.ஆர். முறையில் 4 முதன்மைப் பகுதிகளுக்கு மேல் அமையாது. அங்கே டியும் ஈயும் பெரும்பாலும், பல பகுதிகளைத் தன்னுள் அடக்கும் ஓர் 'எக்ஸ்டெண்டெட்' பகுதிக்குள் இருக்கும் என்பதால், டியை மட்டும் அழித்தால் கிடைக்கும் இடம் அதற்குள்ளேயே அடைபட்டுவிடும், சிக்கு உதவாது. எங்களுடையது ஜி.பி.டி. என்னும் புதிய முறை என்பதால் அந்தத் தடை இல்லை.

ஈயிலிருந்து எடுத்த 60 ஜி.பி.யை அதனிடமே திருப்பிச் சேர்த்தேன். டியை அழித்ததும் மங்கியிருந்த 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' தெளிந்தது. அந்தப் பெட்டியில் அளவை எம்.பி.யில் கொடுக்க வேண்டும், 60 ஜி.பி.க்கு 61,440 என்று இட்டேன். சில நொடிகளில் சி 157 ஜி.பி. ஆயிற்று. எஞ்சிய 124 ஜி.பி.யில் புதிய பகுதியை உருவாக்கி, கணக்கு மென்பொருள் பழைய பாதையிலேயே கோப்புகளைத் தேடும் என்பதால் அதே டி எழுத்தைக் கொடுத்து, நகலைத் திருப்பி ஏற்றினேன். மறுநாள் காலை அண்ணன் வந்து மண்டிக் கணக்கைத் திறந்தபோது, முந்தைய நாளின் கடைசி வரவு வரை அப்படியே இருந்தது.