கருப்பி அடை உட்கார்ந்துவிட்டாள்

எங்கள் கொல்லையில் நாட்டுக்கோழிகள் பல இருந்தாலும் அடைக்கு உட்கார்ந்தால் கருப்பி மாதிரி யாரும் கிடையாது. பழைய கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு முட்டைகளை வைத்தோம். 21 நாள் கணக்கு. ஒரு நாளைக்கு ஒருமுறைதான் இறங்குவாள். அவசர அவசரமாக நாலு வாய் கம்பு, தண்ணீர், வேப்பமரத்தடிப் புழுதியில் ஒரு புரளல், உடனே திரும்பிவிடுவாள். உட்காரும் முன் அலகால் ஒவ்வொரு முட்டையையும் புரட்டுவதைப் பார்க்க வேண்டுமே!

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கரு கூடிய முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்திவலை போலத் தெரிந்தன. ஒன்றும் தெரியாமல் வெளிறிக் கிடந்ததை எடுத்துவிட்டோம்.

பொரிப்பதற்கு முந்தின நாளே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்கும், தாயும் மெதுவாகப் பதில் கொடுக்கும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலிக்காது. பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டும் என்று பதற வேண்டாம், வயிற்றுக்குள் போன மஞ்சள்கருவே ஓரிரு நாள் தாங்கும்.

அப்புறம் குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்க லசோட்டா என்ற சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் அதற்கே தடுப்பூசி. அந்த நோய் வந்தால் கூண்டே காலியாகிவிடும், வந்தபின் மருந்தும் இல்லை. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்தை ஐஸ் வைத்து எடுத்து வாருங்கள், சூடு பட்டால் வீண்.

பருந்து வட்டமிடுகிறது, இந்த முறை குஞ்சுகளுக்குப் பழைய மீன்வலையைக் கட்டப் போகிறோம்.